வலப்பக்கத்துச் சக்கரங்கள்

சொல்லியிருக்கலாம்தான். ‘அண்ணி, அந்தப் பக்கம் மாத்தி அடிக்கோணும்’ என்று ஒரே ஒரு வரி, கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலேயே சொல்லியிருக்கலாம். பூங்கோதை சொல்லவில்லை. இப்போது மேட்டுப்பாளையம் பின்னால் போய்விட்டது, ஆற்றுப் பாலம் போய்விட்டது, இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு வந்து சாலைமேல் நிழலைப் போட்டுவிட்டது, முன்னால் அண்ணனின் பழைய பச்சை எம்.ஜி. கார் போகிறது, பின்னால் அவள் பொலேரோவில் பெட்டிகளோடும் இட்லிப் பாத்திரத்தோடும் போகிறாள், வாய் இன்னும் மூடியே இருக்கிறது. ஊட்டியில் பழைய கார்க்காரர்கள் கூடும் விழா. வருஷா வருஷம் போவதுதான். வருஷா வருஷம் அந்தப் பச்சை வண்டிக்குள் இடப்பக்கம் உட்கார்ந்து போனவள் பூங்கோதை. இந்த வருஷம் மேகலா உட்கார்ந்திருக்கிறாள். மஞ்சள் துணியால் தலையைக் கட்டிக்கொண்டு, முழங்கையைத் தாழ்ந்த கதவின்மேல் வைத்துக்கொண்டு, என்னமோ பிறந்ததிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருப்பவள் மாதிரி. பல் டாக்டர். பல் வலிக்கிறது என்று ஈரோட்டுக்குப் போன அண்ணன் சென்னியப்பன் பெண்டாட்டியோடு திரும்பி வந்த கதை ஊருக்கே தெரியும். ஐம்பத்தேழு வயசில் அவருக்கு மாலை மாற்றி வைத்ததே பூங்கோதைதான், பந்தியில் நின்று பரிமாறியதும் அவள்தான். எல்லோரும் என்ன சொன்னார்கள்? தங்கச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். அவளும் சிரித்துக்கொண்டே நின்றாள். அப்போது அவளுக்கு வண்டி ஞாபகம் வரவில்லை. வீட்டில் சமையலறை ஒன்று போகும், பூஜையறைச் சாவி போகும், அதெல்லாம் போனால் போகிறது என்று மனசைத் தயார்பண்ணி வைத்திருந்தாள். அந்த வண்டியில் இரண்டே இருக்கைகள்தான் என்பது எப்படியோ மறந்துபோயிற்று.

நாற்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது. ஒரு எஸ்டேட் துரையிடமிருந்து அப்பா வாங்கினார். நீண்ட மூக்கு, இரண்டு பக்கமும் அலைபோல இறங்குகிற மட்கார்டு, சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பிக்கம்பியாக உயரமான சக்கரங்கள். அந்தச் சக்கரத்தை மற்றக் கார்களைப்போல நாலைந்து நட்டு போட்டுப் பிடித்திருக்காது. நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அதற்கு இரண்டு காது. ஸ்பானர் வேண்டாம், செம்புத் தலை வைத்த சுத்தியலால் காதில் அடித்தால் இறுகும், எதிர்ப்பக்கம் அடித்தால் கழலும். இதில் ஒரே ஒரு சூட்சுமம். இடப்பக்கத்து நட்டுக்கு ஒரு பக்கமாகத் திருகும் மரை, வலப்பக்கத்து நட்டுக்கு அதற்கு நேர்மாறான மரை. எந்தப் பக்கமானாலும் மேல் காதை வண்டியின் பின்புறம் பார்த்து அடிக்க வேண்டும், அப்போதுதான் இறுகும். எந்தப் பக்கம் என்று காட்டுகிற அம்புக்குறி காதின்மேல் முன்பு இருந்தது. அண்ணன் நட்டுகளுக்கெல்லாம் புதுசாக வெள்ளி முலாம் போட்டதில் அது தேய்ந்து போய்விட்டது. மேட்டுப்பாளையத்தில் மலையேறுவதற்கு முன் காப்பிக் கடையோரம் நிறுத்தி நாலு நட்டையும் அடித்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது அப்பா காலத்து வழக்கம். ஓட்டுகிறவர் இறங்கக் கூடாது. அவர் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்தான் இறங்கிச் சுற்றி வந்து அடிக்க வேண்டும். அப்பா ஓட்டியபோது அம்மா அடித்தாள், கண்டாங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. அண்ணன் ஓட்டியபோது பூங்கோதை அடித்தாள். அண்ணனின் முதல் மனைவி அம்பிகா அண்ணி இருந்தபோதும் பூங்கோதைதான். பாவம், அம்பிகா அண்ணிக்கு அந்த வண்டியில் ஏறினால் கல்லாறு வருவதற்குள் வாந்தி வந்துவிடும். ‘நீயே போ கண்ணு, என்னால இந்தக் காத்துல ஆகாது’ என்று நல்ல மனசோடு விட்டுக்கொடுத்தாள், செத்தும் போனாள். பூங்கோதைக்கு அவள்மேல் இன்றைக்கும் பிரியம். விட்டுக்கொடுத்தவர்கள்மேல் யாருக்குத்தான் பிரியம் இருக்காது.

இன்றைக்குச் சுத்தியலை மேகலா எடுத்தாள். அவள் கேட்டு வாங்கவில்லை, அண்ணன்தான் இருக்கைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். இடப்பக்கம் முன்சக்கரத்தில் முதல் அடி அடித்துவிட்டு அவள் நிமிர்ந்து, “இப்படித்தானுங்க பூங்கோதை?” என்று கேட்டாள். பூங்கோதை தலையாட்டினாள். அது பொய் இல்லை. அந்தப் பக்கத்துக்கு அது சரி. மேகலா தனக்கு இடமிருந்து வலமாக அடித்தாள், இடப்பக்கத்துச் சக்கரத்துக்கு அதுதான் இறுக்கும் திசை. பின்சக்கரம், அதுவும் சரி. அப்புறம் வண்டியைச் சுற்றிக்கொண்டு அண்ணன் பக்கம் வந்து அங்கேயும் தனக்கு இடமிருந்து வலமாகவே அடித்தாள், டண் டண் என்று, அக்கறையாக, ஒவ்வொரு காதுக்கும் மூன்று நாலு அடி. பல்லைத் தட்டிப் பார்க்கிறவளின் கைக்கு என்ன நிதானம். அங்கே அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏற்கெனவேதான் கேட்டாயிற்றே. பூங்கோதை பார்த்துக்கொண்டு நின்றாள், காப்பி தொண்டையில் சூடாக இறங்கியது, நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, சரி அடி, அடி, என்றது. என்றதா? அப்படியெல்லாம் சொல்லவில்லை. சும்மா பேசாமல் இருந்தது. பேசாமல் இருப்பதும் சொல்வதும் ஒன்றா என்ன. ஒன்று இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், கேட்காததற்குச் சொல்லவில்லை, இதில் என் தப்பு எங்கே இருக்கிறது. கல்லாறு ரயில்வே கேட் திறந்திருந்தது. மூடியிருந்தால் இறங்கிப் போய்ச் சொல்லியிருப்பாள். சத்தியமாகச் சொல்லியிருப்பாள். திறந்திருந்ததற்கு அவள் என்ன செய்ய முடியும்.

அதுவும் தவிர அந்த நட்டு தானாக இறுகிக்கொள்ளும். அப்பா சொல்லியிருக்கிறார், வண்டி ஓட ஓடச் சக்கரமே அதை இறுக்கிக்கொள்ளுகிற மாதிரிதான் வெள்ளைக்காரன் மரை போட்டிருக்கிறான், அதனால்தான் இரண்டு பக்கமும் மாற்றி வைத்திருக்கிறான் என்று. பம்ப்செட் கம்பெனியில் முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு மரையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் தளர்ந்திருக்கும், ஓடினால் சரியாகிவிடும். ஓடினால் சரியாகும் என்றால் அடிக்கிறது எதற்கு? அதை அப்பாவிடம் கேட்டதில்லை. ஒருவேளை இறுகினதைத் தளரவிடாது என்பது மட்டும்தானோ, தளர்ந்ததை இறுக்காதோ. முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது, பச்சை வண்டி வலது பக்கம் சாய்ந்து திரும்பியது, அவள் கண் அந்தப் பின்சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டது. கம்பிகள் சுழன்றன, வெயில் பட்டு வெள்ளியாக மின்னின, ஆடவில்லை. ஆடவில்லை பார். ஒன்றுமில்லாததற்கு மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்வது அவள் வழக்கம். அண்ணன் இரண்டாம் கியருக்கு மாற்றுவது இங்கே வரை கேட்டது. அந்த வண்டியில் இருக்கைதான் இரண்டே தவிர முதுகுச் சாய்மானம் ஒன்றேதான், ஒரே நீளப் பலகைக்குத் தோல் போர்த்தியது. ஓட்டுகிறவர் கியர் மாற்றத் தோளை அசைத்தால் பக்கத்தில் இருப்பவரின் முதுகுக்கு அது தெரியும். அண்ணனுக்குக் கோபம் என்றால் தெரியும், களைப்பு என்றால் தெரியும். அம்பிகா அண்ணி இறந்த வருஷம், சவரம் கூடச் செய்யாமல் அவர் மலையேறினாரே, வாயால் ஒரு வார்த்தை பேசவில்லை, பர்லியாறு தாண்டியதும் சாய்மானம் நடுங்கியது. அழுகிறார் என்று அவள் முகத்தைத் திருப்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்டாள். கல்யாணம் ஆகாதவள், குழந்தை இல்லாதவள், அவளுக்கு இந்த உலகத்தில் ஒரு மனுஷனை அப்படித் தெரியும். இன்றைக்கு அந்தப் பலகையின் இந்தப் பக்கம் வேறு முதுகு. அந்தப் பல் டாக்டருக்கு இப்போது எல்லாம் தெரிந்துகொண்டிருக்கும்.

ஆரஞ்சு. ஐயோ, ஆரஞ்சு வேறு உரிக்கிறாளா. மேகலாவின் தலை குனிந்திருந்தது, மடியில் என்னமோ வேலை நடந்தது, பிறகு ஒரு கை எழுந்து அண்ணனின் வாய்ப்பக்கம் போயிற்று, அண்ணன் சாலையைப் பார்த்தபடியே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். அந்தச் சுளை பூங்கோதை கொடுக்கிற சுளை. கொட்டையெடுத்து, நாரெடுத்து, வளைவு முடிந்து நேர்ச்சாலை வந்ததும் கொடுக்க வேண்டும், வளைவில் கொடுத்தால் புரையேறும். இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவளுக்கு? அண்ணனே சொல்லியிருப்பார். ‘பூங்கோதை எப்பவும் குடுப்பா’ என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். அப்படிச் சொன்னால் அது இன்னும் மோசம். அவளுடையதை எடுத்துக் கொடுக்கிறோம் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. பூங்கோதையின் கண் எரிந்தது. ஐம்பத்து மூன்று வயசில் ஒரு ஆரஞ்சுச் சுளைக்கு அழுகிறாய், வெட்கமாக இல்லை? இல்லை. வெட்கமாக இல்லை, வயிறு எரிகிறது. தன்னைவிட ஏழு வயசு சின்னவளை வாய் நிறைய அண்ணி, அண்ணி என்று கூப்பிட வேண்டியிருக்கிறது, ‘சாப்பிட்டீங்களா அண்ணி’ என்று கேட்க வேண்டியிருக்கிறது, அவளும் மரியாதை குறையாமல் ‘நீங்க சாப்பிட்டீங்களா’ என்கிறாள். ஒரு நாளாவது சுடுசொல் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக வெறுக்கலாம். அதற்கும் இடம் தரமாட்டேன் என்கிறாள். அவள் நல்லவள். நல்லவளாகவே இருக்கட்டும், பொலேரோவில் உட்கார்ந்து நல்லவளாக இருக்கக் கூடாதா.

போன் அடித்தது. திரையில் மேகலா அண்ணி. பொத்தானை அழுத்தியதும் வண்டிக்குள் ஒரே காற்று இரைச்சல், நடுவே அவள் குரல். “பூங்கோதை, உங்கண்ணன் கேக்கறாருங்க, ரொம்ப பின்னால வர்றீங்களேன்னு. வண்டில ஏதாச்சும் பிரச்சினையா?” சொல்லிவிடு. இதோ கேட்கிறார்கள், கேட்டதற்குப் பதில் சொல்கிறவள்தானே நீ. பூங்கோதை வாயைத் திறந்தாள். “அண்ணி, அந்த...” என்றாள். “என்னங்க? கேக்கலீங்க, காத்து!” என்று மேகலா சிரித்தாள், பக்கத்தில் அண்ணனும் எதற்கோ சிரிப்பது கேட்டது, வாய் விட்டு, தொண்டையிலிருந்து வருகிற அந்தச் சிரிப்பு அம்பிகா அண்ணி இறந்ததிலிருந்து பதினொரு வருஷமாக அவரிடமிருந்து காணாமல் போயிருந்தது. பூங்கோதை எத்தனை முயன்றும் வராதது. சமைத்தாள், பேசினாள், வண்டியைத் துடைத்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒருநாளும் வரவில்லை. இவள் வந்து ஆறே மாசத்தில். “ஒன்னுமில்லீங்க அண்ணி. நீங்க போங்க” என்றாள் பூங்கோதை. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. போனைப் பக்கத்து இருக்கையில் எறிந்தாள்.

நீங்க போங்க என்றாளே. எங்கே போகச் சொன்னாள்? கீழே பள்ளத்தாக்கு தெரிய ஆரம்பித்துவிட்டது, கைப்பிடிச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒரு குட்டி தாயின் வயிற்றில் தொங்கியது. அந்தச் சக்கரம் கழன்றால் எந்தப் பக்கம் கழலும்? வலப்பக்கம். வலப்பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்? இதை அவள் இதுவரை நினைக்கவே இல்லை. காப்பிக் கடையிலிருந்து இதுவரை மஞ்சள் துணியையே நினைத்துக்கொண்டு வந்தாள், அடித்தவளையே நினைத்துக்கொண்டு வந்தாள், அடித்தவளுக்கு ஒரு பாடம், ஒரு தலைகுனிவு, அண்ணன் இறங்கிப் பார்த்து ‘இதுகூடத் தெரியாதா உனக்கு’ என்று ஒரு வார்த்தை கேட்பார், அவ்வளவுதான் ஆசை, அதற்குமேல் இல்லை. அந்தச் சக்கரத்துக்குமேல் உட்கார்ந்திருப்பவர் அண்ணன். குளிர்காலத்தில் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன அண்ணன். பெண் பார்க்க வந்தவன் அவள் நிறத்தைப் பற்றி ஏதோ சொன்னதற்கு அவன் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போன அண்ணன். அடுத்த வளைவில் பச்சை வண்டி திரும்பியது, இந்த முறை பின்சக்கரம் ஆடியது. கொஞ்சம்தான், சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்ததும் ஆடி அடங்குமே அந்த மாதிரி ஒரு ஆட்டம். அவள் கண் ஏமாற்றுகிறதோ? மறுபடியும் பார்த்தாள். ஆடியது.

அவள் நினைப்பதற்குள் கை ஹாரனை அழுத்திவிட்டது. நீளமாக அழுத்தினாள். முன்னால் அண்ணனின் கை மேலே எழுந்து கட்டைவிரலைக் காட்டியது, வண்டி இன்னும் வேகமாகப் போயிற்று. அடப்பாவமே. மலைப்பாதையில் பின்வண்டி ஹாரன் அடித்தால் எல்லாம் நலம், போகலாம் என்று அர்த்தம், அதுவும் அவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம்தான், அவளே போன வருஷம் கட்டைவிரல் காட்டியிருக்கிறாள். மறுபடியும் அடித்தாள், மறுபடியும் கட்டைவிரல். போனைத் தேடினாள், அது இருக்கைக்கடியில் விழுந்து கிடந்தது. விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள், பட்டப்பகலில் யார் பார்ப்பார்கள். ‘முருகா, முருகா’ என்று வாய் தானாகச் சொன்னது. எதிரே ஒரு லாரி இறங்கி வந்தது, காய்கறி மூட்டைகளோடு சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு. பச்சை வண்டி ஓரம் ஒதுங்கியது, சக்கரம் குதித்தது, லாரி தாண்டியதும் பூங்கோதை ஆக்சிலேட்டரை மிதித்தாள். மேலே வளைவு, எதிரே என்ன வருகிறதென்று தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. பொலேரோ வலப்பக்கம் ஏறி எம்.ஜி.யை ஒட்டிக்கொண்டு போயிற்று, அண்ணன் திரும்பி வாயைப் பிளந்து என்னமோ கத்தினார், அவள் தாண்டிப் போய்க் குறுக்கே நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினாள்.

“உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்குது?” என்று சென்னியப்பன் இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. “வளைவுல யாராச்சும் இப்படி முந்துவாங்களா? செத்துக் கித்துப் போயிருந்தீன்னா?”

“சக்கரம், அண்ணா” என்றாள் பூங்கோதை. “உங்க பக்கம். பின்னாலது.”

அவர் குனிந்து நட்டின் காதைத் தொட்டார். சுத்தியல் வேண்டியிருக்கவில்லை. குழாயைத் திறக்கிற மாதிரி அது கையோடு சுழன்றது. முன்சக்கரத்தைத் தொட்டார், அதுவும் சுழன்றது. மேகலா மெதுவாக இறங்கி வந்து பார்த்தாள், பார்த்ததும் அவள் கை வாய்க்குப் போயிற்று. பூங்கோதை அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. மேகலாவும் அவளைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் காப்பிக் கடையில் கேட்ட அந்தக் கேள்வி வந்து நின்றது. இதோ சொல்லப்போகிறாள், நான் கேட்டேன், இவங்க தலையாட்டுனாங்க என்று. சொல்லட்டும், சொல்லித் தொலைக்கட்டும். “நாந்தான் யாரையும் கேக்காம அடிச்சுப்போட்டேன்” என்றாள் மேகலா அண்ணனிடம். “என்ர தப்புங்க. பூங்கோதை மட்டும் பாக்காம இருந்திருந்தா...” பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஆரஞ்சு வாசனை அடித்தது. “நீங்களே அதுல உக்காந்துக்கோங்க. அந்த எடம் எனக்கு ஆகாது. நான் பொலேரோவ ஓட்டிக்கிட்டு வர்றேன்” என்றாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று பூங்கோதைக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை.

சுத்தியலை வாங்கி நாலு நட்டையும் அவளே அடித்தாள். வலப்பக்கம் வலமிருந்து இடமாக, மேல் காதைப் பின்புறம் பார்த்து, செம்புத் தலை தகடாகிவிடுமோ என்கிற மாதிரி அடித்தாள். பிறகு தாழ்ந்த கதவைத் திறந்து உட்கார்ந்தாள். தோல் இன்னும் சூடாக இருந்தது, அது மேகலாவின் சூடு. வண்டி கிளம்பியது, காற்று முகத்தில் அடித்தது, முதுகுக்குப் பின்னால் அந்தப் பழைய பலகை, அதன் அந்தக் கோடியில் அண்ணன். வந்துவிட்டேன், என்றது மனசு. அடுத்த கணமே அதை நினைத்ததற்காக உடம்பு கூசியது. இன்றைக்கு ராத்திரி அண்ணியிடம் தனியாகப் போய்ச் சொல்லிவிட வேண்டும். என்னவென்று சொல்வது? அவளுக்குத்தான் தெரியுமே. தெரிந்துகொண்டே மறைத்தவளிடம் போய் என்ன சொல்வது. அண்ணனுக்குத் தெரியாது, அது ஒன்றுதான் இப்போதைக்குப் பிடிமானம். இரண்டு வளைவு தாண்டிற்று.

“அம்மிணி” என்றார் பிறகு, சாலையைப் பார்த்தபடி. “காப்பிக் கடைல அவ அடிக்கறப்ப நீ எங்க இருந்தே?”

“டம்ளரத் திருப்பிக் குடுக்கப் போயிருந்தேனுங்கண்ணா” என்றாள் பூங்கோதை. கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது.

அவர் கியரை மாற்றினார். சாய்மானம் லேசாக அசைந்தது. “இல்ல” என்றார். கோபமே இல்லாமல், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற குரலில். “எனக்குக் கண்ணாடில தெரிஞ்சுது. அவ உன்னையக் கேட்டா, நீ தலையாட்டுனே. எம்பக்கம் வந்து அடிக்கறப்பவும் நீ அங்கயேதான் நின்னு பாத்துட்டிருந்தே. பூங்கோதை பாக்கறா, அப்பறம் என்னன்னுதான் நான் எறங்கிப் பாக்கல.”

முதுகைச் சாய்மானத்திலிருந்து எடுத்து, ஸ்டியரிங்கை ஒட்டி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு ஓட்டினார். பலகையில் இப்போது எந்த அசைவும் இல்லை. ஊட்டி போய்ச் சேர இன்னும் தூரம் இருந்தது. அதுவரைக்கும் அவள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.